காய்ச்சல் தெரியாத மலேரியா: கருவின் முதல் மூன்று மாதங்கள்

சுகாதாரத் தலைப்பு என்றாலே நம் மாணவர்கள் பலர் "கொசுவை ஒழிப்போம், சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைப்போம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். காரணம், விளைவு, தீர்வு ஆகிய மூன்றையும் சங்கிலிபோல் கோத்து எழுதப் பழக, கர்ப்பிணிகளைத் தாக்கும் மலேரியா நல்ல பாடம். ஒரு கேள்வியோடு தொடங்குவோம்: காய்ச்சலே இல்லாத பெண்ணின் உடலில் மலேரியா இருக்குமா?

இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் சிறுவயது முதலே அனோபிலிஸ் கொசுக்கடிக்கு ஆளானவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது. அதனால் ஒட்டுண்ணி இரத்தத்தில் இருந்தாலும் காய்ச்சல், குளிர் எதுவும் தெரியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் விரல்நுனி இரத்தப் பரிசோதனையில்கூட அகப்படாமல் போகலாம். இந்த நிலையிலேயே அப்பெண் கருவுறுகிறாள்.

சரி, கருவுற்றால் என்ன மாறுகிறது? ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மண்ணீரலுக்குப் போனால் அழிந்துவிடும். அதற்குத் தப்ப, அவை இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி என்ற புதிய இடம் கிடைக்கிறது. அங்குள்ள 'காண்டிராய்ட்டின் சல்ஃபேட் ஏ' என்ற பொருளை, ஒட்டுண்ணி தன் 'வார்2சிஎஸ்ஏ' புரதத்தால் பற்றிக்கொள்கிறது. பூட்டும் சாவியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதன்முறை கருவுற்றவளின் உடல் இந்தச் சாவியை முன்பு கண்டதில்லை. ஆகவேதான், மலேரியா மிகுந்த இடங்களில் முதல் கர்ப்பமே அதிக ஆபத்துக்குள்ளாகிறது.

விளைவு இருவருக்கும்தான். தாய்க்கு இரத்தசோகை வரும். குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறக்கலாம்; கருச்சிதைவும் நேரலாம்.

தடுப்பு மருந்து இல்லையா? இருக்கிறது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையை மாதம் ஒருமுறை வீதம் குறைந்தது மூன்று தவணை கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் அது தொடங்குவது நான்காம் மாதத்தில்தான். கருவின் தொடக்க வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் செயலை அம்மருந்து தடுக்கும் என்பதால், முதல் மூன்று மாதங்களில் கொடுப்பதில்லை. நஞ்சுக்கொடி உருவாகும் காலமோ அதே மூன்று மாதங்கள்! பலர் கர்ப்பமானதை அறிந்து கிளினிக்குக்கு வருவதற்குள் அந்தக் காலம் கடந்துவிடுகிறது.

இந்த இடைவெளியைப் பெனின் நாட்டில் ஆராய்ந்தார்கள். குழந்தை பெற விரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கருவுறும் முன்பிருந்தே மாதந்தோறும் கண்காணித்தார்கள். கருவுற்றவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களிலேயே தொற்று காணப்பட்டது. கருவுறும் முன்பே இருந்த தொற்று கர்ப்பத்திலும் தொடர்வதும் தெரியவந்தது. அப்படியானால் கர்ப்பமான பிறகு காவல் போடுவது, திருடன் வீட்டுக்குள் நுழைந்த பிறகு கதவைப் பூட்டுவது போலத்தானே?

எனவே தீர்வும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். மருந்து தோய்த்த கொசுவலை கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, மணமான இளம்பெண்ணுக்கும் தேவை. நோய் கண்டால் முதல் மூன்று மாதங்களிலும் ஆர்டிமீத்தர்-லூமிஃபாண்ட்ரின் கொடுக்கலாம் என 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதுவரை அக்காலத்தில் குயினைனே முதன்மை மருந்து. கருவுறும் முன்பே தடுப்பூசி போடும் முயற்சி மாலி நாட்டில் நடந்து, அதன் நம்பிக்கையூட்டும் முடிவுகள் 2024இல் வெளிவந்தன.

வகுப்பறைக்கு:

1. காய்ச்சல் இல்லாததை நோய் இல்லாததாகக் கொள்ளலாகாது. ஏன்?
2. முதல் கர்ப்பம் அதிக ஆபத்துக்குள்ளாவதற்கான காரணத்தை விளக்குக.
3. 'வருமுன் காப்போம்' என்ற கருத்து இங்கு எவ்வாறு பொருந்துகிறது?

மூன்றாம் கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதினால் போதாது, மாணவர்களே. மேலே சொன்ன மூன்று மாத இடைவெளியைக் குறிப்பிட்டு எழுதினால்தான் கருத்து முழுமை பெறும்.