யாழ்ப்பாணம் தொடருந்து நிலையம்

யாழ்ப்பாணம் தொடருந்து நிலையம் இலங்கையின் வட மாகாணத் தலைநகரான யாழ்ப்பாண நகரில், வடக்குப் பாதையில் அமைந்துள்ள நிலையம் ஆகும். தெற்கே புங்கன்குளமும் வடக்கே கொக்குவிலும் இதன் அடுத்த நிலையங்கள்.

இந்நிலையத்துக்கு முதலில் வந்த தொடருந்து கொழும்பிலிருந்து வரவில்லை. 1902 மார்ச் 11 அன்று காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி திறக்கப்பட்டபோதே யாழ்ப்பாணத்துக்குத் தொடருந்து கிடைத்தது. நாட்டின் ஏனைய பாதைகளோடு அப்போது அதற்குத் தொடர்பு இல்லை. குடாநாட்டுக்குள் மட்டும் ஓடிய தனிப்பாதை அது. வன்னிக் காடுகளின் ஊடாகப் பாதை போடப்பட்டு, 1905 ஆகஸ்ட் 1 அன்றுதான் கொழும்புடன் நேரடித் தொடர்பு ஏற்பட்டது.

1956 ஏப்ரல் 23 முதல் ஓடிய யாழ் தேவி கடுகதித் தொடருந்தே இந்நிலையத்தின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தது. கொழும்பில் அரச பணியிலும் வணிகத்திலும் இருந்த யாழ்ப்பாணத்தவர் விடுமுறைக்கு ஊர் திரும்பியது பெரும்பாலும் இதில்தான்.

ஈழப்போர்க் காலத்தில், 1990 ஜூன் 13 உடன் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றுபோனது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டு, பதுங்குகுழிகளும் காவலரண்களும் அமைக்கப் பயன்பட்டன. நிலையக் கட்டடம் கூரையிழந்து, குண்டுபட்ட சுவர்களோடு நின்றது. மேடை இருந்தது, அதன் அருகே தண்டவாளம் இல்லை. யாழ் தேவி மட்டும் அதே பெயருடன் வவுனியாவரை ஓடிக்கொண்டிருந்தது. குடாநாட்டில் ஒரு தலைமுறை தொடருந்தைக் காணாமலே வளர்ந்தது.

2009 இல் போர் முடிந்தபின் பாதை சிறிது சிறிதாக வடக்கு நோக்கி நீண்டது. ஓமந்தைக்கு அப்பால் பழைய பாதையைத் திருத்துவது போதாது. புதிதாகவே போட வேண்டியிருந்தது. இந்தியக் கடனுதவியுடன் இந்திய அரசு நிறுவனமான இர்கொன் இப்பணியைச் செய்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும் தொடருந்து வந்தது. நிலையக் கட்டடமும் மீளக் கட்டப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 அன்று, 24 ஆண்டுகளின் பின், யாழ் தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது.

1902 இல் பாதை தொடங்கிய காங்கேசன்துறை இம்முறை கடைசியாக இணைந்தது. 2015 ஜனவரி 2 முதல் அங்கும் தொடருந்துகள் செல்கின்றன.