ஒரு கேபிள், பல கணினிகள்

அமெரிக்காவில் கேபிள் தொலைக்காட்சி பார்க்கும் ஒரு குடும்பம் செட்-டாப் பாக்ஸ் வாடகைக்கு மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 231 டாலர் கட்டுகிறது என்ற கணக்கை 2015-ல் எட்வர்ட் மார்க்கி, ரிச்சர்ட் புளூமெந்தால் என்ற இரண்டு செனட்டர்கள் வெளியிட்டார்கள். சேனல்களுக்கான சந்தா இதில் சேராது. ஹாலில் ஒரு பெட்டி, படுக்கையறையில் ஒரு பெட்டி, பிள்ளைகள் அறையில் ஒரு பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை. சந்தாதாரர்களில் நூற்றுக்கு 99 பேர் இப்படி வாடகைப் பெட்டியைத்தான் வைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்தவர்களில் ஒரு சிறு கூட்டம் வேறு வழி தேடியது. வீட்டில் கணினிகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கும் இருக்கிறது. ஒரே ஒரு டியூனர் கார்டை வாங்கிப் பொருத்தினால் அதை எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ள முடியாதா? முடியும் என்று செய்து காட்டினார்கள். அந்த வழி பிறகு எப்படி அடைபட்டது என்பது, காசு கொடுத்து வாங்கிய பொருளின் மீது நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று யோசிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

டியூனர் செய்யும் வேலை

கேபிளில் நூற்றுக்கணக்கான சேனல்கள் ஒரே சமயத்தில் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க முறையில் அந்த அலைவரிசை முழுவதும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். டிஜிட்டல் கேபிளில் ஒரு துண்டு நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தகவலைச் சுமக்கும். இரண்டு மூன்று ஹெச்டி சேனல்களோ, பத்துக்கும் அதிகமான சாதாரணச் சேனல்களோ அதில் அடங்கும். டியூனரின் வேலை, கேட்ட துண்டை மட்டும் பிடித்துக் கொடுப்பது. பொதுவாக ஒரு டியூனருக்கு ஒரு நிகழ்ச்சி. அப்பா செய்தி பார்க்கும்போது மகள் விளையாட்டு பார்க்க வேண்டுமானால் இரண்டு டியூனர்கள் தேவை.

ஒவ்வொரு கணினியிலும் ஒரு டியூனர் கார்டைச் செருகிவிடலாமே என்று தோன்றும். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது செலவு. இரண்டாவது, ஒவ்வொரு அறைக்கும் கேபிளைக் கொண்டுபோக ஸ்ப்ளிட்டர் போட வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சிக்னல் சுமார் 3.5 டெசிபல் குறைகிறது. நான்காகப் பிரித்தால் 7 டெசிபல் போய்விடும். கடைசி அறையில் படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். கேபிளை வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே நிறுத்தி, அங்கே டியூனர்களை வைத்து, அதன் பிறகு நெட்வொர்க் வழியாக நிகழ்ச்சியை அனுப்புவதுதான் சரியான தீர்வு. மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி வைத்து எல்லா அறைகளுக்கும் குழாய் இழுப்பது போன்ற ஏற்பாடு இது.

பகிர்ந்த வழிகள்

இதற்கு முதலில் முழுமையான வடிவம் கொடுத்த மென்பொருள்களில் ஒன்று மித்டிவி. ஐசக் ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 2002-ல் லினக்ஸுக்காகத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதன் அமைப்பே பகிர்வுக்கென்று உருவானது. டியூனர்களும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள ஒரு கணினி பின்னணியில் எப்போதும் ஓடும். பதிவு செய்வது, பட்டியலைப் பராமரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மற்ற அறைகளில் உள்ள கணினிகள் அதைத் தொடர்புகொண்டு நிகழ்ச்சியைக் காட்டினால் போதும். பழைய, மெதுவான கணினிகூட அந்த வேலைக்கு உதவியது. நிகழ்ச்சி அட்டவணை இல்லாமல் ரெக்கார்டிங் நடக்காது. 2007-ல் இலவசமாகக் கிடைத்துவந்த அட்டவணைச் சேவை நின்றபோது, இத்தகைய மென்பொருள்களை உருவாக்கியவர்களே லாப நோக்கமற்ற ஓர் அமைப்பைத் தொடங்கி, சிறு கட்டணத்தில் அட்டவணையைத் தந்தார்கள். பெரிய நிறுவனம் கைவிட்ட இடத்தில் பயன்படுத்துவோரே கை கொடுத்த அந்தச் செயல் பாராட்டத்தக்கது.

விண்டோஸ் பக்கத்தில் மீடியா சென்டர் இருந்தது. 2002-ல் எக்ஸ்பியின் தனிப் பதிப்பாக வந்து, விண்டோஸ் 7 காலத்தில் மெருகேறிய மென்பொருள். ஒரு கணினியில் டியூனர்களை வைத்து, எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற ஐந்து கருவிகள் வரை மற்ற அறைகளில் இணைக்கலாம். நேரலை, பதிவு இரண்டுமே எல்லா அறைகளிலும் கிடைக்கும்.

அடுத்து வன்பொருளே பகிரக் கற்றுக்கொண்டது. சீட்டன் நிறுவனம் 2010-ல் இன்ஃபினிடிவி 4 என்ற கார்டைக் கொண்டுவந்தது. கணினிக்குள் செருகும் ஒரே கார்டில் நான்கு டியூனர்கள். விலை 399 டாலர். இரண்டு டியூனர்களைக் கார்டு உள்ள கணினிக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை வீட்டின் வேறு கணினிகளுக்கு நெட்வொர்க் வழியே ஒதுக்க முடிந்தது. இதில் குறையும் உண்டு. கார்டு இருக்கும் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கணினிக்கு ஒதுக்கிய டியூனர் சும்மா இருந்தாலும் இன்னொரு கணினி அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சிலிக்கான்டஸ்ட் நிறுவனம் இதை வேறு விதமாக அணுகியது. கணினிக்குள் கார்டே வேண்டாம் என்று முடிவு செய்து, ஹெச்டிஹோம்ரன் என்ற சிறு பெட்டியை நேரடியாக ரௌட்டரில் இணைக்கச் செய்தது. 2011-ல் வந்த ஹெச்டிஹோம்ரன் பிரைம் மாதிரியில் மூன்று டியூனர்கள். எந்தக் கணினி கேட்டாலும் அந்த நேரத்தில் எது ஓய்வாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். ஒரு கணினி அணைந்திருந்தாலும் மற்றவை பாதிக்கப்படாது. வீட்டுப் பகிர்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அப்போது இல்லை என்பது என் கருத்து.

நெட்வொர்க்கும் சிக்கலாக இருக்கவில்லை. ஒரு ஹெச்டி நிகழ்ச்சிக்கு நொடிக்கு 12 முதல் 19 மெகாபிட் வரை தேவை. சாதாரண 100 மெகாபிட் ஈதர்நெட் கம்பியில் நான்கு நிகழ்ச்சிகள் தாராளமாக ஓடும். அந்தக் காலத்து வைஃபையில்தான் படம் திக்கித் திணறியது. அதனால் அனுபவசாலிகள் முடிந்த இடமெல்லாம் கம்பி இழுத்தார்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறேழு ஜிபி இடம் போதும்.

சட்டம் கொடுத்த சாவி

டியூனர் இருந்தால் மட்டும் கட்டணச் சேனல் தெரிந்துவிடாது. அவை பூட்டப்பட்டு வருகின்றன. திறக்கும் சாவி கேபிள் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தது. அந்தச் சாவியைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்தது அமெரிக்க நாடாளுமன்றம் 1996-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம். கேபிள் பெட்டியை மக்கள் கடையில் வாங்கிக்கொள்ளும் நிலை வர வேண்டும் என்று அதன் 629-ஆம் பிரிவு ஆணையிட்டது.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. முன்பு அந்நாட்டில் தொலைபேசிக் கருவியைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். 1968-ல் கார்ட்டர்ஃபோன் வழக்கில், வெளியார் செய்த கருவியையும் இணைக்கலாம் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தீர்ப்பளித்தது. அந்தத் திறப்பால்தான் ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீடுகளுக்குள் தாராளமாக வந்தன. கேபிளிலும் அப்படியொரு காலம் பிறக்கும் என்று சட்டத்தை எழுதியவர்கள் நம்பினார்கள்.

அதன் விளைவுதான் கேபிள்கார்டு. பழைய மடிக்கணினிகளில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்டின் அளவில், கேபிள் நிறுவனமே தரும் திறவுகோல். அப்போது அதன் மாத வாடகை சில டாலர்கள்தான். பிந்தைய வகைக் கார்டு ஒன்றே ஆறு நிகழ்ச்சிகள் வரை ஒரே நேரத்தில் திறக்கும். அதை ஹெச்டிஹோம்ரன் பிரைமிலோ சீட்டன் கார்டிலோ செருகினால், மூன்று நான்கு பெட்டிகளின் வாடகை மிச்சம். நிறுவனங்கள் இதை அக்கறையோடு நடத்த வேண்டும் என்பதற்காக, அவர்கள் தரும் புதிய பெட்டிகளிலும் கேபிள்கார்டையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2007 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மீண்டும் விழுந்த பூட்டு

சாவி கிடைத்த பிறகும் தடைகள் தொடர்ந்தன. ஒவ்வொரு நிகழ்ச்சியுடனும் நகல் உரிமையைச் சொல்லும் ஒரு சிறு குறியீடு வரும்: தாராளமாக நகலெடுக்கலாம், ஒருமுறை எடுக்கலாம், எடுக்கவே கூடாது. "ஒருமுறை" என்று வந்த நிகழ்ச்சியை மீடியா சென்டரில் பதிவு செய்தால், பதிவு செய்த கணினியிலும் அதனுடன் இணைந்த எக்ஸ்பாக்ஸ் போன்ற கருவிகளிலும் மட்டுமே பார்க்க முடியும். பக்கத்து அறைக் கணினிக்கு அந்தக் கோப்பைக் கொண்டுபோனால் ஓடாது. மித்டிவியில் இத்தகைய நிகழ்ச்சி வரவே வராது, தடையில்லாதவை மட்டும்தான். உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களின் நிகழ்ச்சிகளுக்கு இந்தத் தடை கூடாது என்று விதி இருந்தது. மற்ற சேனல்களை என்ன செய்வது என்பது நிறுவனத்தின் கையில். ஒரே சேனல் ஓர் ஊரில் தடையின்றியும் இன்னோர் ஊரில் தடையோடும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

சில சேனல்களை யாராவது கேட்கும்போது மட்டும் அனுப்பும் முறை வந்தபோது, அதற்கென்று இன்னொரு துணைப் பெட்டி தேவைப்பட்டது. அடிப்படைச் சேனல்கள் பூட்டில்லாமல் வந்துகொண்டிருந்ததால் பலர் சாவியே இல்லாமல் சாதாரண டியூனர் கார்டில் பார்த்துவந்தார்கள். முழுக்க டிஜிட்டலுக்கு மாறிய நிறுவனங்கள் அவற்றையும் பூட்டிக்கொள்ளலாம் என்று 2012 அக்டோபரில் எஃப்சிசி அனுமதித்தது. அத்துடன் அந்த எளிய வழியும் மூடத் தொடங்கியது.

இவ்வளவு தடைகளுக்கு இடையில் பரவலான சந்தை எங்கிருந்து உருவாகும்? பெரிய கேபிள் நிறுவனங்கள் தங்கள் வாடகைப் பெட்டிகளில் 5 கோடிக்கும் அதிகமான கேபிள்கார்டுகளைப் பொருத்தியபோது, மக்கள் சொந்தமாக வாங்கிய கருவிகளுக்குப் போனவை சுமார் 6 லட்சம்தான். நிறுவனங்களின் பெட்டியிலும் கேபிள்கார்டு வேண்டும் என்ற விதியை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மீடியா சென்டர் இல்லை. 2016 பிப்ரவரியில் எஃப்சிசி தலைவர் டாம் வீலர், பெட்டிகளைத் திறந்துவிடும் புதிய விதியை முன்மொழிந்தார். செப்டம்பரில் நடக்க வேண்டிய இறுதி வாக்கெடுப்பு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. 2020-ல் கேபிள்கார்டு தர வேண்டும் என்ற கடமையையும் எஃப்சிசி நீக்கிவிட்டது.

கலைத் திருட்டைத் தடுக்கத்தான் பூட்டு என்பது நிறுவனங்களின் வாதம். படைப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சந்தா கட்டிய குடும்பம் தன் வீட்டு ஹாலில் பதிவு செய்ததைத் தன் வீட்டுப் படுக்கையறையில் பார்ப்பது திருட்டாகாது. அந்தக் கதவை அடைத்ததால் பாதுகாக்கப்பட்டது கலையைவிட வாடகை வருமானம்தான்.

நமக்கு இதில் என்ன?

இந்தக் கேள்வி நம் நாட்டிலும் தீராமல் இருக்கிறது. கேபிளையோ டிடிஹெச் நிறுவனத்தையோ மாற்றினால் நல்ல நிலையில் உள்ள பெட்டியும் பயனற்றுப் போகிறது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் ஒரே பெட்டி உதவ வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரைத்தது.

பகிர்ந்து பார்க்க விரும்புவோருக்கு இன்றும் ஒரு வழி திறந்திருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையில் பல சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. டிவிபி-எஸ்2 வகை டியூனர் கார்டு ஒன்றை ஒரு கணினியில் பொருத்தி, டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், ஒரே டிஷ்ஷிலிருந்து வீட்டின் எல்லாக் கணினிகளிலும் பார்க்கலாம், பதிவும் செய்யலாம். ஒரே அலைவரிசைத் துண்டில் வரும் பல சேனல்களை ஒரே டியூனர் பல அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு.

தொழில்நுட்பம் இந்தச் சிக்கலைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டது. மிச்சமிருப்பது விதி மட்டும். ஆகவே புதிய இணைப்பு வாங்கும்போது சேனல் எண்ணிக்கையோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: பெட்டி யாருடையது, பதிவு செய்ததை வேறு அறையில் பார்க்க முடியுமா, நிறுவனத்தை மாற்றினால் பெட்டி உதவுமா? ஒழுங்குமுறை ஆணையங்கள் மக்கள் கருத்தைக் கேட்கும்போது இதையே எழுதி அனுப்புங்கள். ஒரு வீட்டுக்குக் கட்டிய சந்தா அந்த வீட்டின் எல்லா அறைகளுக்கும் செல்ல வேண்டும். அதைச் சட்டமாகவே கேட்டுப் பெறுவோம்.