கறளும் மணலும்

வெள்ளவத்தையில் கடலை அண்டி வாழ்வோருக்குக் கறளின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரையோர இரயில் பாதையையும், வீட்டுப் படலைகளையும், யன்னற் கம்பிகளையும் உப்புக் காற்று ஓயாது அரித்துவருகின்றது. வீட்டுப் படலைக்குக் கம்பித் தூரிகையும் சிறிது பொறுமையும் போதும். ஆனால் கொட்டாஞ்சேனைக்கு அணித்தான துறைமுகத்தில் பழுதுபார்க்க வரும் கப்பலுக்கு அவை போதா. 1974 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொழும்பு டொக்யாட்டின் உலர்துறைகளுள் மிகப் பெரியது, 1,25,000 தொன் சுமைத்திறன் கொண்ட கப்பலையும் ஏற்கவல்லது. அத்துணைப் பெரிய உடலிலுள்ள கறளையும் பழைய பூச்சையும் கையால் சுரண்டி முடிப்பது இயலாத செயல்.

இதற்கு உதவுவது, அமுக்கிய காற்றினால் மணல் போன்ற தேய்பொருளை விசையுடன் வீசும் முறை. அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1870 ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். வீசப்படும் துகள்கள் கறளைப் பெயர்ப்பதோடு நில்லாமல், இரும்பின் முகத்தில் நுண்ணிய பள்ளங்களையும் உண்டாக்குகின்றன. பொளியாத அம்மியில் மிளகாய் வழுக்குவதுபோல, வழுவழுப்பான இரும்பில் பூச்சு பற்றாது. கப்பற் பூச்சுகள் பலவற்றிற்கு வேண்டிய பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அளவினதே.

ஆகவே, எதனை வீசுவது என்பதே முதல் வினா. உருக்குத் துணுக்குகள் பாரமானவை. பலமுறை திரட்டிப் பயன்படுத்தத் தக்கவை. ஆயினும் மூடிய அறையில், ஈரம் படாமல் காத்தாலன்றி அவையே கறள் பிடிக்கும். துருப்பிடியா உருக்கின் மீது அவற்றை வீசுதல் ஆகாது. இரும்புத் துகள் அதிற் பதிந்து பின்னர் கறளாகும். செப்புக் கசடு மலிவானது. எனினும் விரைவில் நொறுங்கும். கார்னெட் மணல் கடினமும் பாரமும் உடையது. எழுப்பும் தூசி குறைவு. தமிழ்நாட்டின் தென்கரையிலிருந்து இம்மணல் ஏற்றுமதியாகி வந்தது. 2013 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு கரைமணல் அகழ்வைத் தடைசெய்தது. மெல்லிய தகட்டிற்கும் மரத்திற்கும் இவை கடுமையானவை. அங்கு அரைத்த வால்நட் ஓடு போன்ற மென்பொருளே ஏற்றது.

இவை அனைத்தினும் மலிவானது கடற்கரை மணலே என்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில் அதுவே மிகுந்த விலை கேட்பது. அதிலுள்ள உப்பு இரும்பில் தங்கி, புதிய பூச்சின் கீழே மீண்டும் கறளை வளர்க்கும். அதனினும் கொடியது, மணலிலுள்ள சிலிக்கா. இரும்பில் மோதி உடைந்ததும் அது கண்ணுக்குப் புலப்படாத தூளாகி நுரையீரலின் ஆழத்திற் படிகின்றது. படிந்த இடம் தழும்பேறி, மூச்சு நாளடைவில் குறுகுகின்றது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படுவதுண்டு. தழும்பை மாற்றும் மருந்து இல்லை.

இதனை உணர்ந்த பிரித்தானியா, தொழிற்சாலைகளில் சிலிக்கா மணலை இவ்வாறு வீசுவதை 1949 ஆம் ஆண்டின் விதிகளால் விலக்கியது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்கச் செய்வதற்காக மணல் வீசிய இளைஞர் பலர் இந்நோய்க்கு இரையாயினர். 2009 ஆம் ஆண்டில் அந்நாடு அத்தொழில்முறையைத் தடைசெய்தது.

நல்ல தேய்பொருளைத் தெரிந்தவுடன் கவலை முற்றும் நீங்கிவிடாது. பழைய பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். அது தூசியாகப் பறக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டை இதனைத் தடுக்காது. வேலை செய்பவருக்குத் தூய காற்றை உள்ளே செலுத்தும் தலைக்கவசம் வேண்டும். அயலவர் நடமாடாதவாறு இடத்தை மறைத்தலும் வேண்டும். நீர் கலந்து வீசினால் தூசி குறையும், ஆனால் அற்றுப்போகாது. துப்புரவான இரும்பைக் கடற்காற்றில் ஓரிரவு விட்டாலும் மறுபடி கறள் படருமாதலால், அன்றே முதற்பூச்சு இடுதல் நன்று.

கூலி பேசும்போது, சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்பது வழக்கம். என்ன மணல், வீசுபவர் எதனை அணிவார் என்னும் இரு வினாக்களையும் அதனுடன் சேர்த்துக் கேட்டல் வேண்டும். இரும்பு கெட்டால் வேறு இரும்பு வாங்கலாம். நுரையீரல் கெட்டால் வேறொன்று வாங்கக் கடை இல்லை.