லயத்து வீட்டைக் காலி செய்யும் முன்

வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. வேலை முடிந்தால் நான்கு வாரத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கும் அதே கெடுதான். நிர்வாகம் இரங்கிக் கூடுதல் நாள் கொடுக்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கிய 1929 முதல் தேயிலையை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் இது தெரியாதவர் இல்லை. ஆனாலும் பலர் ஓய்வு நெருங்கிய பிறகுதான் சொந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த அவசரத்தில் மலிவாக வந்த நிலத்தை வாங்கி, கையிருப்பை மீறிய வீட்டுக்கு அடித்தளம் போட்டுவிட்டுத் தவிக்கிறார்கள்.

லயத்தில் இருக்கும்போதும் உங்களுக்கு உரிமை உண்டு. கட்டடத்தைப் பழுது பார்ப்பதும், குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதும் முதலாளியின் கடமை. 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இல்லாத தங்குமிடத்தில் யாரையும் குடிவைக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு பங்களாதேஷிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து இன்று நம்மோடு கொழுந்து பறிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். கூரை ஒழுகினால் மண்டோரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தில் புகார் கொடுங்கள்; பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

இனி சொந்த வீடு. நெருக்கடியான லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்குப் பெரிய வீட்டின் மேல் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனாலும் என் யோசனை வேறு: இந்த மலையில் அடக்கமாகக் கட்டுங்கள், அதில் மிச்சமாகும் பணத்தை மண்ணுக்கும் வடிகாலுக்கும் செலவிடுங்கள்.

எவ்வளவு சிறியதாகக் கட்டலாம்? 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள் முதல் அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, அடுத்ததற்கு 6.5 என்று வரம்பு வைத்திருக்கின்றன. சமையலறை, குளியலறை, சுவர் எல்லாம் சேர்த்தால் 400 சதுர அடியை ஒட்டி வரும். ஒரு தம்பதிக்கும் விடுமுறைக்கு வந்து போகும் பிள்ளைகளுக்கும் 500, 600 சதுர அடி தாராளம். வடிவத்திலும் காசு இருக்கிறது. 20க்கு 20 அடியில் கட்டினால் சுற்றுச்சுவர் 80 அடி. அதே 400 சதுர அடியை லயம் போல 10க்கு 40 அடியாக நீட்டினால் சுவர் 100 அடியாகிவிடும்; செங்கல், சாயம், குளிர் உள்ளே வரும் பரப்பு எல்லாமே கூடும்.

கோலாலம்பூரில் எடுத்த வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டு வராதீர்கள். அங்கே வெப்பத்தை வெளியேற்றப் பாடுபடுகிறார்கள். தானா ராத்தாவோ கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே வீட்டுக்குப் பகை குளிரும் ஈரமும். பிற்பகலில் மேகமும் மழையும் சேர்ந்துவிடுவதால் காலை வெயில் விழும் பக்கம் பெரிய சன்னல் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பும் சீலிங்கும் போடுங்கள். இல்லாவிட்டால் இரவில் தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். மின் கட்டணத்தை ஏற்றுவது குளிக்கிற வெந்நீர்தான். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் வெந்நீர்க் குழாய் குட்டையாகும், சூடு வழியில் வீணாகாது. துணி காய அகலமான கூரை இறக்கத்தோடு ஓர் அஞ்சடி அவசியம். வீட்டுக்குள் துணி காயப்போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்.

இவ்வளவும் மண் நிலைத்து நின்றால்தான். 2011 ஆகஸ்ட் 7ஆம் தேதி பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் சரிவு இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26 பின்னிரவில் புளூவேலியில் மியன்மார்த் தொழிலாளர் ஐவர் தங்குமிடத்தோடு மண்ணில் புதைந்தார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். மனை அகலம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டுவதை இன்றும் பார்க்கிறோம். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவி, அந்தத் தளர்ந்த மண்மேல் பாதி வீட்டை நிறுத்துகிறார்கள். மழை ஊறும்போது பின்பக்கம் சரியும், முன்பக்கம் இறங்கும். சிறிய வீட்டுக்குச் சிறிய தளம் போதும், மலையை அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை. தூண் மேல் நிறுத்தினால் இன்னும் குறையும். மண் வெட்டவே 1974ஆம் ஆண்டின் 133ஆவது சட்டப்படி மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும். சரிவு 25 பாகையைத் தாண்டினால், மண் பொறியியலாளரிடம் கேட்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். மேட்டுப் பக்கம் சிமெண்டு வடிகால் கட்டி, கூரைத் தண்ணீரையும் அதில் சேர்த்து, சரிவுக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். தரையில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், மேட்டிலிருந்து கலங்கிக் கசியும் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறி 999க்கு அழையுங்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகும். அதை விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் பங்கு தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம் செல்லாது. அரசு நிலத்தில் அனுமதியின்றிக் குடியேறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. 2019 ஜனவரியில் குவாலா தெர்லாவில், நெடுங்காலம் பயிர் செய்தவர்களின் தோட்டங்களையே அதிகாரிகள் அழித்தார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, கிராண்டில் யார் பெயர், விவசாய நிலமா கட்டட நிலமா, கடன் அடமானம் உண்டா என்று பாருங்கள்.

பிறகு பிளான். சிறிய வீடுதானே என்று மன்றத்தின் அனுமதியைத் தவிர்க்க முடியாது. இடிக்கச் சொல்லி உத்தரவு வரலாம். கட்டடக் கலைஞர், பொறியியலாளர், பதிவு பெற்ற வரைவாளர் ஆகியோரில் ஒருவர் பிளானைச் சமர்ப்பிக்க வேண்டும். கட்டி முடித்ததும் நிறைவுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். கிராண்டும் அங்கீகரித்த பிளானும் கையில் இருந்தால், ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு கட்ட 55 வயதுக்கு முன்பே பணம் எடுக்கலாம். சொந்த நிலம் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்கள் ‘ரூமா மெஸ்ரா ராக்யாட்’ மானிய வீட்டுக்கும் மனுப் போடலாம்.

குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அடித்தளம், சுவர், கூரை என்று முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள், கடைசியில் ஒரு பகுதியைக் குறை தீரும் வரை பிடித்து வையுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டாலோ அரைகுறையாகச் செய்தாலோ, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வாட்ஸாப் செய்தி, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படம், இவைதான் அங்கே உங்களுக்காகப் பேசும் சாட்சிகள்.