தகடு தாங்காது, பர்லின்தான் தாங்கும்

மொட்டை மாடி வெயிலுக்குப் போட்ட ஷீட் கொட்டகை, கடைக்குப் பின்னால் இறக்கிய தகரச் சாய்ப்பு, அரிசி மண்டியின் கலர் ஷீட் கூரை என்று எங்கே பார்த்தாலும் சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறட்டும், நல்லதுதான். ஆனால் அது ஏறும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. காலையில் நான்கு பையன்கள் வருகிறார்கள். எல் ஆங்கிளைத் தகட்டின் மேல் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள், சுற்றிலும் சிலிகானைப் பிதுக்குகிறார்கள், பொழுது சாய்வதற்குள் பேனலை மாட்டி, வீட்டுக்காரரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐப்பசி மழையில் கூரை ஒழுகும்போது கம்பெனியில் யாரும் போனை எடுப்பதில்லை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் கூரையில் பர்லின் எத்தனை அடிக்கு ஒன்று ஓடுகிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

பர்லின் என்பது தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம். கூரையில் பலம் இருப்பது அதில்தான். மேலே தெரியும் தகடு அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நமக்கு எதிரி கூரையைத் தூக்கும் காற்று. ஐ.எஸ். 875 தரநிலையின் மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் கொடுக்கும். இன்றைய பெரிய பேனல் ஒன்று இரண்டரை சதுர மீட்டர்; அதன் எடை ஏறத்தாழ 30 கிலோ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் கூடும். பேனல் கனமாக இருக்கிறதே, பறக்காது என்று ஏஜென்ட் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே ஸ்க்ரூ தகட்டோடு நிற்கக் கூடாது, தகட்டைத் தாண்டிப் பர்லினில் இறங்க வேண்டும். தகட்டின் மேட்டில்தான் துளை போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் மழைநீர் முழுக்க அந்த ஓட்டையின் மேல்தான் ஓடும். வாஷர் வெயிலைத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பராக இருக்க வேண்டும். சிலிகான் மட்டும் பிதுக்கிய ஓட்டை சில கோடைகளில் வாய் பிளந்துவிடும். தகட்டு விளிம்புகளைச் சேர்த்து மடித்திருக்கும் கூரையாக இருந்தால் ஓட்டையே வேண்டாம், மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் இருக்கிறது. துளை போட்டபோது சிதறிய இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கி எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் ஒவ்வொரு துகளும் தகட்டில் ஒரு துருப்புள்ளி. தாமிர எர்த் பட்டையைத் தகட்டின் மேல் படுக்கவிடாதீர்கள். மழை ஈரத்தில் தாமிரம் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும்.

கூரை சிமெண்ட் ஷீட் என்றால் அதில் துளையே போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குப் போகும். காலை வைத்தால் ஷீட் உடைந்து ஆள் கீழே விழுவார். வெளிச்சத்துக்காக இடையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் ஆளைத் தாங்காது. இடுப்பில் பெல்ட் கட்டாத ஒருவரையும் கூரையில் ஏறவிடாதீர்கள்.

மாடிக் கொட்டகைக்கு இன்னொரு ஆபத்து. ஒல்லியான சதுரப் பைப்பை நட்டு, கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட் அடித்து ஊர் வெல்டர் போட்ட பந்தல் அது. அதன் தகட்டை மட்டும் தாங்கத்தான் போட்டார். அதன் மேல் பேனல் ஏற்றினால் காற்றில் போவது பேனல் மட்டுமில்லை, கொட்டகையே.

மின்சார ஆபத்தைச் சொன்னால் ‘எர்த் போட்டாச்சு சார்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆறு பேனல் தொடராக இணைந்தால் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. மின்சாரம். வெயில் இருக்கும்வரை அது நிற்காது, ஈ.பி. ஃபியூசைப் பிடுங்கினாலும் பேனலிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். அந்த ஒயர் தகட்டின் கூர் விளிம்பில் உரசி உறை கிழிந்தால் கூரை முழுக்க மின்சாரம் பாயும். கொட்டகைத் தூணில்தான் துணி காயும் கொடிக்கம்பியைக் கட்டியிருக்கிறோம், ஈரத்துணியோடு அதைத் தொடப்போவது வீட்டுப் பெண்கள். ஒயர் முழுவதும் பைப்புக்குள் ஓட வேண்டும். பேனல் சட்டம், தாங்கும் அமைப்பு, கூரை எல்லாம் எர்த்தில் சேர வேண்டும். இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி வேண்டும்.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியையே தளர்த்திவிட்டார்கள். அந்த ஆய்வும் மின்கட்டமைப்பு தாங்குமா என்பதற்குத்தான், உங்கள் கூரை தாங்குமா என்பதற்கு இல்லை. இணைப்புக் கொடுக்க வருபவர் மீட்டரையும் இன்வர்ட்டரையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பல இடங்களில் அவர் ஏணிப் பக்கமே போவதில்லை. பொதுப்பணத்தில் மானியம் கொடுக்கும் அரசு, பேனலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள்கூடக் கேட்காமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

அந்தத் தாளை நீங்கள் கேளுங்கள். உள்ளாட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கூரை பேனலைத் தாங்கும், இந்த ஊர்க் காற்றையும் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தச் செலவுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அடுத்தது ஒப்பந்தம். சூர்ய கர் தளத்தில் நுகர்வோருக்கும் விற்பனையாளருக்குமான மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது; ஐந்து வருடப் பராமரிப்பு விற்பனையாளரின் பொறுப்பு. அதோடு நான்கு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஸ்க்ரூ பர்லினில்தான் இறங்கும்; வடிவமைத்த காற்று வேகம் இவ்வளவு; பொருத்திய இடத்தில் ஒழுகினால் ஐந்து வருடம் இலவசமாகச் சரிசெய்வோம்; தகடு மாற்ற நேர்ந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் கூலி இவ்வளவு. கடைசி வரியைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பேனல் 25 வருடம் உழைக்கும், அடியிலிருக்கும் பழைய தகடு அதுவரை இருக்காது. தகட்டுக்கு உத்தரவாதம் இருந்தால், துளை போட்ட பிறகும் அது செல்லுமா என்று தகட்டுக் கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள்.

பேனல் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு பொருத்துமிடத்தையும் மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கீழிருந்து பார்த்தால் பர்லினில் ஸ்க்ரூ முனை தெரிய வேண்டும். முனை வெறும் தகட்டில் தொங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வங்கிக் கடன் என்றால் பணம் நேராகக் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் திருப்தி என்று எழுதிய எந்தத் தாளிலும் ஒரு மழை பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூரை ஏற்கெனவே ஒழுகுகிறதா? போனில் கத்திப் பயனில்லை. படங்களோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்குக் கடிதம் அனுப்புங்கள், சூர்ய கர் தளத்திலும் புகார் பதியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணைய வழியாகவும் பதியலாம். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற பேச்சிலேயே அதைக் கரைத்துவிடுவார்கள், ஏமாறாதீர்கள். கடைக்கும் மண்டிக்கும் போட்டவர்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும்; சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்பதற்கான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்கு ஆள் வருவதைப் புரட்டாசியில் வையுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கச் சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். புயல் நேரத்தில் பேனல் ஆடும் சத்தம் கேட்டால் நீங்களும் ஏறாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனையும் ஏற்றாதீர்கள். இன்வர்ட்டர் பக்கத்தில் இருக்கும் டி.சி., ஏ.சி. இரண்டு சுவிட்சையும் அணைத்துவிட்டு, கொட்டகைத் தூணைத் தொடாமல் விலகி நின்று, கம்பெனிக்கும் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கும் சொல்லுங்கள்.