துப்பாக்கி வீட்டிலிருந்துதான் வருகிறது

அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு நடக்கும் ஒவ்வொரு முறையும் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. ஒரு தரப்பு துப்பாக்கியைக் குற்றம் சொல்லும். மறு தரப்பு சுட்டவனின் மனநிலையை. சுட்டவர்களின் நாட்குறிப்பு, நண்பர்களின் வாக்குமூலம், பள்ளிப் பதிவேடு என்று ஒவ்வொரு சம்பவத்தையும் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. வாழ்க்கையே வெறுத்துப்போன ஒரு விடலைப் பையனும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருப்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் காண்கிறார்கள்.

அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவைச் சேர்ந்த சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018-ல் மதிப்பிட்டது. அந்நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம். 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு வாகன விபத்தை முந்திக்கொண்டு துப்பாக்கியே முதல் காரணமாகிவிட்டது. இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தெருவிலும் வீட்டிலும் நிகழ்பவை. பள்ளிக்குள் நடப்பவை மிகச் சிறிய பங்கு. ஆனாலும் காலையில் டிபன் பாக்ஸோடு அனுப்பிவைத்த பிள்ளை திரும்பாமல் போவது பெற்றோர் மனத்தில் உண்டாக்கும் அச்சத்துக்குக் கணக்கு கிடையாது.

இன்றைய விவாதத்தின் தொடக்கம் கொலம்பைன். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தங்களையும் மாய்த்துக்கொண்டார்கள். உணவுக்கூடத்தில் அவர்கள் வைத்த எரிவாயு உருளைக் குண்டுகள் வெடித்திருந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருப்பார்கள். அவர்களிடம் இருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயது நிரம்பிய ஒரு தோழி துப்பாக்கிச் சந்தையில் வாங்கித் தந்திருந்தாள். தனியாரிடம் வாங்கியதால் பின்னணிச் சோதனை எதுவும் நடக்கவில்லை.

எல்லாரும் ஒதுக்கிவைத்து, விளையாட்டு வீரர்கள் தினமும் சீண்டி, அதற்குப் பழிவாங்கக் கிளம்பிய இரண்டு பையன்கள் என்ற கதை அன்று மாலையே தொலைக்காட்சிகளில் பரவிவிட்டது. விசாரணையில் கிடைத்த ஆவணங்கள் வேறு விதமாகப் பேசின. இருவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள். சீண்டலுக்கு ஆளானதும் உண்டு, பிறரைச் சீண்டியதும் உண்டு. ஒருவனின் நாட்குறிப்பு முழுக்கத் தற்கொலை எண்ணம். மற்றவனின் எழுத்தில் உலகத்தின்மேல் இளக்காரம். ஆனால் முதலில் பரவிய கதைதான் நிலைத்தது. பின்னாளில் வேறு ஊர்களில் சுட்டவர்கள் பலர் அந்தக் கதையைப் படித்து, தங்களை அந்த இருவரின் வாரிசுகளாகக் கற்பனை செய்துகொண்டார்கள். சுட்டவர் பெயரையும் படத்தையும் முன்னிறுத்தாதீர்கள் என்று, இறந்தவர்களின் குடும்பங்கள் ஊடகங்களைக் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

சீண்டலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ், கல்வித் துறையுடன் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டது. தாக்கியவர்கள் 41 பேர். அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீண்டலையோ கொடுமையையோ அனுபவித்தவர்கள். அதைவிடச் சற்றே கூடுதலானவர்களுக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. எதிர்த்திசையிலிருந்து பார்த்தால்தான் கணக்கு குழம்புகிறது. பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது சுடக் கிளம்புபவர்கள் அரிதிலும் அரிது. பெரும்பாலான பிள்ளைகள் தூக்கத்தையும் படிப்பையும் தொலைக்கிறார்கள். சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். சீண்டலைத் தடுக்க அந்தக் காரணமே போதும், துப்பாக்கியைக் காட்டி நியாயப்படுத்த வேண்டியதில்லை.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு வட ஐரோப்பாவில் விடை தேடினார்கள். 1980-களின் தொடக்கத்தில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டபோது, சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்று நாடே அதிர்ந்தது. டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் வகுத்த திட்டம் அப்போதுதான் பள்ளிகளுக்குள் வந்தது. எளியவனை வலியவன் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதே சீண்டல், சமமானவர்கள் போடும் சண்டை வேறு என்ற வரையறையும் அவருடையது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா திட்டம் இன்னொரு படி போனது. சீண்டுபவனையும் சீண்டப்படுபவனையும்விட, சுற்றி நின்று சிரிக்கும் கூட்டத்தின்மேல் அது கண் வைத்தது. சிரிப்பு அடங்கிவிட்டால் சீண்டுபவனுக்குக் கிடைக்கும் மவுசு போய்விடும் என்பது அதன் அடிப்படை.

அடுத்தது மனநோய். சுட்டவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்த 41 பேரில், தாக்குதலுக்கு முன் மனநலக் கோளாறு என்று மருத்துவரால் கண்டறியப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கடும் மனச்சோர்விலோ விரக்தியிலோ இருந்தவர்களோ பாதிக்கும் மேல். பெரும்பாலும் மருத்துவர் வரை போகாத துயரம் அது. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. சமூகத்தின் மொத்த வன்முறையில் கடும் மனநோய்க்குச் சேர வேண்டிய பங்கு மிகக் குறைவு. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும் மனநோயாளிகளையே கைகாட்டினால், உதவி தேடி வர வேண்டிய பிள்ளைகள் இன்னும் ஒளிந்துகொள்வார்கள்.

தகவல் சிதறிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டு. 2007 ஏப்ரல் 16 அன்று அங்கே ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். நோரிஸ் ஹால் கட்டடத்தில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் இறந்தவர்களில் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். சுட்ட மாணவருக்குச் சிறுவயது முதலே பேச்சுத் தயக்கமும் கவலை நோயும் இருந்தன. பள்ளி அதற்கேற்ற சலுகைகள் தந்திருந்தது, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அது எட்டவில்லை. அவர் எழுத்தைப் பார்த்து இலக்கியப் பேராசிரியர்கள் கலங்கினார்கள். 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி, அவர் தன் உயிருக்கே ஆபத்தாக இருப்பதாகக் கண்டு புறநோயாளிச் சிகிச்சைக்கு உத்தரவிட்டார். மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே கூட்டாட்சிப் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்கு அனுப்புவது அன்றைய மாநில வழக்கம் என்பதால், அவர் பெயர் போகவில்லை. 2007-ன் தொடக்கத்தில் இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கடையில் முறைப்படி வாங்கினார். மாநிலங்கள் இத்தகைய பதிவுகளை அனுப்ப ஊக்குவிக்கும் சட்டம் 2008 ஜனவரியில்தான் வந்தது.

முன்கூட்டியே அறிய முடியாது என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் உடைத்துவிட்டன. இத்தகையவன்தான் சுடுவான் என்று சொல்ல ஒரே அச்சில் வார்த்த மாதிரி எவரும் கிடைக்கவில்லை. நன்றாகப் படிப்பவனும் இருந்தான், தேர்வில் தோற்றவனும் இருந்தான். ஆனால் சீக்ரெட் சர்வீஸ் எடுத்த சம்பவங்களில் ஐந்துக்கு நான்கில், திட்டம் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் நண்பன், பள்ளித் தோழன் அல்லது உடன்பிறந்தவர். பெரியவர்கள் காதுக்கு அது அநேகமாக வரவில்லை. கொலராடோ 2004-ல் தொடங்கிய, பெயர் சொல்லாமல் தகவல் தரும் தொலைபேசி ஏற்பாடு இந்த மௌனத்தைக் கலைக்கத்தான். தகவல் வந்தால் மட்டும் போதாது. 2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேரைக் கொன்ற இளைஞனைப் பற்றி, அதற்கு ஒரு மாதம் முன்பே எஃப்.பி.ஐ.க்கு எச்சரிக்கை வந்திருந்தது. அது உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

வந்த தகவலை வைத்து என்ன செய்வது என்பதற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டூயி கார்னல் ஒரு நடைமுறையை வகுத்தார். தலைமையாசிரியர், ஆலோசகர், பள்ளிக் காவலர் அடங்கிய குழு, கோபத்தில் வாய் தவறி வந்த மிரட்டலையும் திட்டமும் வழியும் உள்ள மிரட்டலையும் பிரித்தறிகிறது. முதல் வகை மன்னிப்போடும் பேச்சோடும் முடிந்துவிடும். இரண்டாவது வகையில், பையனின் பிரச்சினைக்குத் தீர்வு தேடுவதும் ஆயுதம் அவன் கைக்குப் போகாமல் பார்ப்பதும் ஒன்றாக நடக்கும். வர்ஜீனியா 2013-ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கியது. விளையாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்த சிறுவனைக்கூட வெளியே அனுப்பிய பழைய தண்டனை முறையைவிட இது மேல். தண்டிக்கப்பட்டு வெளியேறும் மாணவன், பகலில் ஆளில்லாத வீட்டுக்கும், அங்கே இருக்கும் துப்பாக்கிக்கும் அருகில்தான் போய்ச் சேருகிறான்.

மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நிதானமாகப் பார்த்தால், எத்தனை கதவுகள் திறந்து கிடந்தன என்பது தெரியும். 2021 நவம்பர் 26 அன்று ஒரு தந்தை, 15 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி வாங்கினார். 29-ஆம் தேதி, பையன் வகுப்பில் செல்போனில் தோட்டாக்களைத் தேடுவதை ஆசிரியை பார்த்தார். பள்ளி தாய்க்குத் தகவல் விட்டது. கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்ற பொருளில் தாய் மகனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். 30-ஆம் தேதி காலையில் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆலோசகரிடம் காட்டச் சொன்னார்கள். பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. வீட்டில் புதுத் துப்பாக்கி இருப்பதையும் சொல்லவில்லை. பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று பிற்பகலில் அவன் பள்ளியில் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கியோடு வந்த கம்பிப் பூட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் வீட்டில் கிடந்தது.

பையனுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2024-ல் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணையில் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை பெற்றார்கள். பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்காக அமெரிக்காவில் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

துப்பாக்கிச் சட்டத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவின் நிலை தனி. 1791-ல் சேர்ந்த இரண்டாவது அரசமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதரின் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தபின்கூட, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா செனட்டில் தேவையான 60 வாக்குகளை எட்டவில்லை. அங்கே சுட்டவனின் ஆயுதங்கள் அவன் தாய் சட்டப்படி வாங்கியவை. அவன் முதலில் கொன்றதும் அவளைத்தான். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பிய சில நாட்களில் ரைஃபிள்களைக் கடையில் வாங்கியிருந்தான். காவலர்கள் 77 நிமிடம் கழித்தே அந்த வகுப்பறைக்குள் போய் அவனை வீழ்த்தினார்கள். அடுத்த மாதம் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் வாங்கும்போது சிறார் பதிவுகளையும் சரிபார்க்கச் சொன்னது. பள்ளி மனநலப் பணிக்கும் நிதி தந்தது. ரைஃபிள் வாங்கும் வயதை அது உயர்த்தவில்லை.

மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு இந்த அரசமைப்புத் தடை இல்லை. ஸ்காட்லாந்தின் டன்ப்ளேனில் 1996 மார்ச்சில் ஒருவர் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளால் 16 குழந்தைகளையும் ஆசிரியையையும் கொன்றபின், பிரிட்டன் மறு ஆண்டே தனியார் கைத்துப்பாக்கிகளை அனேகமாக முழுதாகத் தடைசெய்தது. ஜெர்மனியின் வினென்டனில் 2009-ல் 17 வயதுப் பையன் 15 பேரைக் கொன்றான். தந்தை மற்ற துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் பூட்டியிருந்தார். ஒன்றை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார். தந்தைமேல் வழக்கு நடந்து தண்டனையும் வந்தது. துப்பாக்கி சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே வந்து பார்க்கவும் சட்டம் வழிசெய்தது.

பூட்டு வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 2008 முதல் 2017 வரையிலான தாக்குதல்களை சீக்ரெட் சர்வீஸ் மறுபடியும் ஆராய்ந்தபோதும், துப்பாக்கி பயன்பட்டவற்றில் நான்கில் மூன்று பங்கில் அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே வந்திருந்தது. தற்கொலைக்கும் இதே கணக்குதான். விரக்தியின் உச்சம் பல நேரம் சில நிமிடங்களே நீடிக்கும். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள்.

ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் சட்டத்தைக் கனெக்டிகட் 1999-ல் முதலில் கொண்டுவந்தது. பார்க்லேண்டுக்குப் பின் புளோரிடாவும் சேர்ந்தது. கைத்துப்பாக்கி விற்கும் உரிமதாரர் கூடவே ஒரு பூட்டும் தர வேண்டும் என்பது 2005-ல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். வாங்கியவர் வீட்டில் அதைப் பூட்ட வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது மாநிலங்களின் கையில் இருக்கிறது. மிச்சிகன் 2024 பிப்ரவரி முதல், சிறார் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைப்பதைக் கட்டாயமாக்கிவிட்டது. பூட்டாத துப்பாக்கியைப் பிள்ளை எடுத்து உயிர் போனால் 15 ஆண்டு வரை சிறை. அதே நடவடிக்கைகளின் பகுதியாக, துப்பாக்கிப் பெட்டகங்களுக்கும் பூட்டுகளுக்கும் அந்த மாநிலம் 2024 இறுதி வரை விற்பனை வரியை ரத்து செய்தது.