ஒரே மாவட்டம், இரண்டு வானம்

ஆகஸ்ட் மாதம் ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பம் செல்போனில் 'ஊட்டி' என்று தட்டி, மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டரைப் பையில் திணிக்கிறது. வானிலை விசாரணை அதோடு சரி.

2019 ஆகஸ்ட் 8 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பெய்தது 82 செ.மீ. மறுநாள் 91. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அரபிக்கடல் காற்று குந்தா மலைச்சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். தொட்டபெட்டாவைத் தாண்டி குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வருவது மிச்சம் மீதிதான்.

அதற்காகக் குன்னூர்க்காரர்கள் காலை நீட்டித் தூங்க முடியாது. வடகிழக்குப் பருவத்தில் காற்று வங்கக்கடலிலிருந்து வரும். அப்போது முறை இவர்களுடையது. 2009 நவம்பர் 10-ம் தேதி குன்னூர் அருகே கேத்தியில் பதிவானதும் 82 செ.மீ.! அந்த மழையில் சரிவுகள் இடிந்து, நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இந்த மலைக்கும் 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்றுதான் அறிவிப்பு வருகிறது. 20 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. 21 பெய்தாலும் 91 பெய்தாலும் அதே ரெட் அலர்ட்தான். அந்த ஓரிரு இடம் எமரால்டா, பந்தலூரா? தேயிலை பறிக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதானே. ரேடாரும் செயற்கைக்கோளும் போதும் என்பவர்கள் உண்டு. கணிப்பு முன்னேறியிருப்பதும் உண்மை. ஆனால், நம் வீட்டுக்கு மேலே உள்ள சரிவு நேற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதை, பக்கத்தில் இருக்கும் மழைமானிதான் சொல்லும்.

அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். காலை எட்டரை மணிக்குத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவே. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானிக்குள் நாலு லிட்டர் பாட்டில் வைத்தால் அது 20 செ.மீ. மழையில் நிரம்பிவிடும். அவலாஞ்சியின் அந்த ஒரு நாளுக்கு ராப்பகலாக நாலு முறை போய்க் காலி செய்தாக வேண்டும்!

கூடலூரைத் தாண்டினால் வரும் வயநாட்டில் விவசாயிகளே இப்படி அளக்கிறார்கள். இருநூறு இடங்களுக்கு மேல். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடியதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை கொட்டியதாக அந்த வட்டாரப் பதிவு சொல்கிறது. நீலகிரியின் ஒவ்வொரு ஹட்டியிலும் (படகர் ஊர்), எஸ்டேட் லைன் வீட்டு வரிசையிலும் ஒரு மானி வைக்க என்ன தடை?

இன்னொன்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் கட்டாயம். வண்டி எண், செல்போன் எண், தங்குமிடம் எல்லாம் பதிவாகிறது. எந்த வண்டி எந்தப் பக்கம் தங்குகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கின் மழைக் கணக்கை அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாமே! அதுவரை, மலைக்குப் போகிறவர்கள் ஆகஸ்டில் மேற்குச் சரிவையும் நவம்பரில் கிழக்குச் சரிவையும் தனித்தனியாக விசாரியுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சிக்னல் இருக்கும்போதே பேசிவிடுங்கள்.